வலைக்கு ஏது மூடு?

தமிழில் எழுத்தாளர் ஆவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எழுதுவது. இன்னொன்று, 'எழுத வரமாட்டேங்குது' என்று சொல்வது. இரண்டாவதுதான் சுலபம். பேப்பர் செலவுகூடக் கிடையாது.

எந்த இலக்கியக் கூட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் ஒருவர் நிற்பார். "நான் கதை எழுதி ஏழு வருஷமாச்சு" என்பார். சொல்கிற முகத்தில் வருத்தம் இருக்காது. லேசாக ஒரு பெருமிதம் தெரியும். சுற்றி நிற்கிற இளைஞர்கள் 'அடடா' என்பது போலத் தலையாட்டுவார்கள். 'உள்ளே என்னமோ பெருசா ஓடிக்கிட்டிருக்கு' என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டுக் கதவைச் சரிபண்ணக் கூப்பிட்ட தச்சர், "நான் உளியைத் தொட்டு ஏழு வருஷமாச்சு சார்" என்று சொன்னால் இப்படித் தலையாட்டுவீர்களா? வேறு ஆளைத் தேடுவீர்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்று பெயர். நாம் எழுத்துத் தடை என்கிறோம், மனத்தடை என்கிறோம். சாதாரண ஆட்கள் 'மூடு வரலை' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். எழுத வேண்டியவர் எழுதவில்லை. எழுதாததற்கு ஒரு மரியாதையான காரணம் கிடைத்துவிடுகிறது.

அந்த மரியாதையைத்தான் இந்த வாரம் கொஞ்சம் உரித்துப் பார்க்கப் போகிறேன். கோபப்படுகிறவர்கள் தாராளமாகக் கோபப்படலாம். கோபத்தில் ரெண்டு பக்கம் திட்டி எழுதி அனுப்பினால் இன்னும் சந்தோஷம். தடை நீங்கிவிட்டது என்று அர்த்தம்!

கட்டுமாவடி தெரியுமா உங்களுக்கு? கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்டம் முடிந்து புதுக்கோட்டை மாவட்டம் தொடங்குகிற இடம். அங்கிருந்து தெற்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று சுமார் 42 கிலோமீட்டருக்குப் புதுக்கோட்டைக்குக் கடல் இருக்கிறது. 'புதுக்கோட்டைக்குக் கடல் இருக்கா?' என்று கேட்கிற சென்னைக்காரர்கள் இன்னமும் உண்டு. கட்டுமாவடி வழியாக காரில் போகிறவர்கள் மீன் மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தி நண்டும் இறாலும் வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு மேல் அந்த ஊருக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நான் அங்கே கவனித்தது மீனை அல்ல, ஒரு சொல்லை. அந்தக் கரையில் யாரும் 'மீன் பிடிக்கப் போகிறேன்' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. 'தொழிலுக்குப் போறேன்' என்பார்கள். கடல், அலை, விடியல், அடிவானம் என்று நாம் கவிதை எழுதுகிற அத்தனையும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். தொழில்.

கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னிக்குப் பாடு எப்படிண்ணே?"

"எங்க தம்பி... எண்ணெய்க் காசுக்கே தேறலை."

"நாளைக்குப் போவீங்களா?"

"நாளைக்கு விசைப்படகு நாளு. எங்க நாளு நாளன்னிக்கு."

"மனசு சரியில்லேன்னா?"

அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "பாதி நாளு மனசு சரியில்லாமத்தான் தம்பி போறோம். கரையில உக்காந்திருந்தா மட்டும் சரியாயிருமா?"

'நாள்' என்று அவர் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாக் நீரிணையில் பல வருடங்களாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. மோதல் வராமல் இருக்க ஏற்பட்ட பங்கீடு. மீன் கிடைக்குமா கிடைக்காதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால், எந்த நாள் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மீன் அவர்கள் கையில் இல்லை. நாள் அவர்கள் கையில் இருக்கிறது.

நம் எழுத்தாளர் இதைத் தலைகீழாக்கிவிட்டார். மீன் வந்து கதவைத் தட்டினால்தான் படகை இறக்குவேன் என்று உட்கார்ந்திருக்கிறார். 

உடனே ஒரு ஆட்சேபணை வரும். "சார், மீன் கடல்ல இருக்கு. கதை மனசுல இருக்கு. ரெண்டும் ஒண்ணா?" ஒன்றில்லைதான். ஆனால், இரண்டிலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது வலை போடுகிறவரை தெரியாது. கரையில் நின்று கடலைப் பார்த்து 'இன்னிக்கு மீன் இல்லை' என்று தீர்ப்பு எழுதுகிற மீனவர் கிடையாது. வெள்ளைத் தாளைப் பார்த்து 'இன்னிக்கு வராது' என்று தீர்ப்பு எழுதுகிற எழுத்தாளர்கள்தான் தெருவுக்கு நான்கு பேர்.

இந்த வியாதியின் பூர்வீகத்தையும் பார்த்துவிடுவோம். எழுத முடியாமல் தவித்த ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். ஆனால், 'ரைட்டர்ஸ் பிளாக்' என்ற பெயர் 1940-களில்தான் வந்தது. வைத்தவர் எட்மண்ட் பெர்க்லர். வியன்னாவிலிருந்து நியூயார்க்குக்குப் போன மனப்பகுப்பாய்வு மருத்துவர், ஃப்ராய்டின் வழி வந்தவர். எழுத வராததற்குக் கைக்குழந்தைப் பருவத்துப் பால் ஏக்கம் வரைக்கும் போய்க் காரணம் சொன்னார். அந்தக் காரணத்தை இன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெயர் இருந்தால் வியாதி. வியாதி என்றால் லீவு. லீவு என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இதில் ஒரு நல்ல நகைச்சுவையும் உண்டு. 1974-ல் டென்னிஸ் அப்பர் என்ற உளவியலாளர், எழுத்துத் தடைக்குத் தனக்குத்தானே சிகிச்சை செய்து தோற்ற கதையை ஓர் ஆய்வுக் கட்டுரையாக அனுப்பினார். மதிப்புமிக்க ஆய்விதழ் அதை வெளியிட்டது. தலைப்பு இருந்தது, பெயர் இருந்தது. கட்டுரை இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளை! அதைப் பரிசீலித்தவர், 'எலுமிச்சைச் சாறு ஊற்றியும் பார்த்துவிட்டேன், ஒரு தப்பும் இல்லை' என்கிற தொனியில் சான்றிதழ் கொடுத்திருந்தார். உலகத்திலேயே சுருக்கமான ஆய்வு இதுதான். அப்பராவது அதை அனுப்பிவைத்தார். நம்மாட்கள் வெள்ளைத் தாளைக்கூட அனுப்புவதில்லை.

கிண்டல் போதும். எழுதாமல் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா மௌனத்துக்கும் ஒரே பெயரை ஒட்டியதுதான் பிரச்னை. நான் பி.காம். படித்தவன். எந்தத் தொகையையும் சரியான தலைப்பில் எழுதாவிட்டால் ஐந்தொகை டேலி ஆகாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இந்த மௌனங்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்துவிடுவோம்.

முதல் தலைப்பு: சரக்கு தீர்ந்துபோவது. வியாபாரக் கணக்கில் தொடக்கச் சரக்கிருப்பு என்று ஒன்று எழுதுவோம். அதோடு கொள்முதலைக் கூட்ட வேண்டும், விற்றதைக் கழிக்க வேண்டும். மீதிதான் இறுதிச் சரக்கிருப்பு. பல எழுத்தாளர்களுக்குத் தொடக்கச் சரக்கிருப்பு பிரமாதமாக இருக்கும். சொந்த ஊர், அப்பா, முதல் காதல், கல்லூரி விடுதி. அதை வைத்து ரெண்டு புத்தகம் போட்டுவிடுவார்கள். மூன்றாவது புத்தகத்துக்கு உட்காரும்போது கடை காலி. நடுவில் கொள்முதல் என்ற பேச்சே இல்லை. புதிதாக ஒரு ஊருக்குப் போகவில்லை, ஒரு தொழிலை அறிமுகம் செய்துகொள்ளவில்லை, தன் நண்பர்கள் எழுதியதைத் தவிர வேறு புத்தகம் படிக்கவில்லை. காலியான கடைக்குள் உட்கார்ந்துகொண்டு 'சாமி வரமாட்டேங்குது' என்றால் எப்படி வரும்? சரக்கு வாங்கப் போங்கள் ஐயா.

இரண்டாவது தலைப்பு: பயம். இதுதான் பெரிய தொகை. 1980-ல் மைக் ரோஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள், ஐந்து பேர் சரளமாக எழுதுகிறவர்கள். அறிவிலோ திறமையிலோ இவர்களுக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. திணறுகிறவர்களின் தலையில் கல்லில் செதுக்கியது போல விதிகள் உட்கார்ந்திருந்தன. முதல் பத்தியிலேயே வாசகனைப் பிடித்துவிட வேண்டும், முதல் வாக்கியம் சரியாக அமையாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது, இப்படி. சரளமாக எழுதுகிறவர்களிடமும் விதிகள் உண்டு. உதவினால் வைத்துக்கொண்டார்கள், உதவாவிட்டால் தூக்கிப் போட்டார்கள்.

அமெரிக்காவை விடுங்கள். நம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டு என்று ஒன்று உண்டே, நினைவிருக்கிறதா? முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை. பிழைக்குச் சிவப்பு மை. சொந்தமாக எழுதினால் ஐந்து மார்க், கைடில் இருப்பதை எழுதினால் எட்டு மார்க். கடலோர ஊர் ஒன்றில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் கட்டுரை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தலைப்பு: 'கடற்கரைக் காட்சி'. 'நான் விடுமுறையில் என் பெற்றோருடன் சென்னை மெரினா கடற்கரைக்குச் சென்றேன். அங்கு மக்கள் காற்று வாங்கினர்' என்று எழுதியிருந்தான். அவன் சென்னையைப் பார்த்ததே இல்லை. அவன் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். அவன் அப்பா அன்றைக்கு விடிகாலையில் அந்தக் கடலிலிருந்துதான் திரும்பியிருப்பார். ஏலம் கேட்கிற சத்தம் அவனுக்குத் தெரியும், எந்தக் காற்றுக்குப் படகு போகாது என்று தெரியும், அம்மா எதை அடகு வைத்து வலை வாங்கினாள் என்றும் தெரியும். அத்தனையும் தெரிந்தவன் 'மக்கள் காற்று வாங்கினர்' என்று எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கியிருக்கிறான்.

எழுத்துத் தடை எங்கே ஆரம்பிக்கிறது என்று மனோதத்துவ டாக்டர்கள் தாய்ப்பாலில் தேடட்டும். நான் அந்த நோட்டில் பார்த்துவிட்டேன். 'உனக்குத் தெரிந்தது எழுதத் தகுந்ததல்ல. எழுதத் தகுந்தது வேறு எங்கோ இருக்கிறது' என்று பன்னிரண்டு வயதில் ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், முப்பது வயதில் அவன் பேனாவை எடுக்கும்போது கை எப்படி ஓடும்?

மூன்றாவது தலைப்பு: தடைக்காலம். இது உண்மையான மௌனம், மரியாதைக்குரியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்கான காலம். அந்த 61 நாளும் கரையில் யாரும் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள், வலை பொத்துகிறார்கள். எழுத்திலும் இப்படி ஒரு காலம் உண்டு. சுந்தர ராமசாமி 1966-ல் 'ஒரு புளியமரத்தின் கதை' வந்த பிறகு சில வருடங்கள் எழுதாமல் இருந்தார். மறுபடி எழுத வந்தவர், வேறு ஆளாகத் திரும்பினார். 1981-ல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தபோது தமிழ் நாவலின் நடையே மாறியது. நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்தப் புத்தகமே ரசீது. தடைக்காலத்துக்கும் சோம்பலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: கரையில் வலை பொத்துகிற வேலை நடக்கிறதா?

நான்காவது தலைப்பு: பூட்டு. எழுதுகிறவரின் வாயை வெளியிலிருந்து பூட்டுவது. 2010-ல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்காக நாலு வருடம் கழித்துப் போராட்டம், கடையடைப்பு, 'சமாதானப் பேச்சுவார்த்தை' எல்லாம் நடந்து, 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அதைத் தடை என்று சொல்வது அநியாயம். அது பூட்டு. சாவி எங்கே இருந்தது என்றும் ஊருக்கே தெரியும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, எழுதுங்கள் என்று வழியனுப்பியது. அடுத்த மாதமே ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. மௌனம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதிய கவிதைகள். உயிரோடு புதைக்கப்பட்ட மனிதர் உள்ளேயிருந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஏசி அறையில் உட்கார்ந்து 'எனக்கும் ஒரு தடை சார்' என்கிறவர்கள், அந்த மனிதரோடு ஒரே வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு தலைப்பு: உடம்பும் மனசும் நிஜமாகவே விழுந்துவிடுவது. தூக்கம் போய், சாப்பாடு போய், எழுத்து மட்டுமல்ல, எதிலுமே பிடிப்பு இல்லாமல் போவது. அது மன அழுத்த நோய். அதற்கு எழுத்துப் பட்டறை மருந்தல்ல, இந்தக் கட்டுரையும் மருந்தல்ல. டாக்டரிடம் போக வேண்டும். அவரைப் பார்த்து 'உட்கார்ந்து எழுதுடா' என்று சொல்கிறவன் முட்டாள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து, கரையில் கிடந்த படகும் பின்னால் நின்ற தென்னையும் ஒரே ராத்திரியில் போன பிறகு, 'ஏன் தொழிலுக்குப் போகலை?' என்று யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். புயலுக்குத் தனிக் கணக்கு.

இப்போது கழித்துப் பாருங்கள். சரக்கு வாங்கப் போக வேண்டியவர்களை அனுப்பியாயிற்று. தடைக்காலத்தில் இருப்பவர்களை வணங்கியாயிற்று. பூட்டப்பட்டவர்களுக்கு நியாயம் கேட்டாயிற்று. நோயாளிகளை டாக்டரிடம் அனுப்பியாயிற்று. மீதி இருப்பது பயம் மட்டும்தான். 'நான் எழுதினால் சுமாராக இருந்துவிடுமோ' என்ற பயம். இதைத்தான் நாம் 'மூடு வரலை' என்று அழகாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பயத்துக்குத் தீனி போடுவதில் நம் இலக்கிய உலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குறைவாக எழுதுவது உசத்தி, நிறைய எழுதுவது மட்டம் என்று ஒரு சாதியம் இங்கே இருக்கிறது. மௌனியை உதாரணம் காட்டுவார்கள். சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்திக்கொண்டு, மொத்த வாழ்நாளில் இருபத்தைந்தைத் தொடாத எண்ணிக்கையில் சிறுகதைகள் எழுதியவர். அற்புதமான எழுத்தாளர்தான். ஆனால், கதைகள் நன்றாக இருந்ததால் மௌனி பெரியவர். எண்ணிக்கை குறைந்ததால் அல்ல. இருபத்து நான்கோடு நிறுத்தினால் மௌனியாகிவிடலாம் என்றால், எதுவுமே எழுதாத என் மாமா மௌனிக்கும் மேலே போய்விடுவார்.

நியூயார்க்கில் ஜோசப் மிட்செல் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார். 'நியூயார்க்கர்' பத்திரிகையின் நட்சத்திரம். 1964-ல் ஒரு பிரமாதமான கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு 1996-ல் சாகும்வரை ஒழுங்காக அலுவலகத்துக்கு வந்தார், போனார். பெரிதாக எதுவும் வெளியிடவில்லை. இதைக் காவியம் போலச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முப்பத்திரண்டு வருடம் தாமதமாக வந்துகொண்டிருந்த கட்டுரைகள்தான் தெரிகின்றன. அவர் நடந்த தெருக்களில் அவர் எழுதாமல் விட்ட மனிதர்கள் தெரிகிறார்கள். அவர்கள் கதை அவர்களோடேயே போய்விட்டது. 

அந்தப் பக்கம் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் 1940-ல் 'ஆனந்த விகட'னில் 'என் சரித்திர'த்தை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 85-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. வாராவாரம் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோதுதான் நின்றது. கல்கி, 1950-ல் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் வாரம் தவறாமல் 'பொன்னியின் செல்வன்' எழுதினார். நடுவில் பத்திரிகையும் நடத்தினார். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயர் வேலை பார்த்துக்கொண்டே பல பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதினார். இங்கிலாந்தில் ஆன்டனி டிராலப் தபால் துறை அதிகாரி. விடிகாலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டு ஆபீஸுக்குப் போனார். நாவல் மட்டும் 47. அவர் இறந்த பிறகு 1883-ல் வந்த சுயசரிதையில் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். கடை வைத்தவன் போல எழுதியிருக்கிறானே! கடை வைத்தவன் கடையைத் திறக்கிறான் என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"நிறைய எழுதினா குப்பைதான் வரும் சார்" என்பார்கள். வரும். வலையில் மீனோடு கழிவும்தான் வரும். கரையில் கொட்டிப் பொறுக்குவார்கள். கழிவு வரும் என்று வலையே போடாதவனுக்குக் கழிவும் இல்லை, மீனும் இல்லை. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 27 பேராசிரியர்கள், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு அவசரம் என்றால் தவிர எழுதாதே என்று சொன்னார். இன்னொரு குழுவுக்கு மூடு வந்தால் எழுது என்றார். மூன்றாவது குழுவுக்குக் கட்டாயம்: தினமும் எழுதாவிட்டால், தாங்கள் வெறுக்கிற ஓர் அமைப்புக்குத் தங்கள் பணத்தை நன்கொடையாக அனுப்ப வேண்டும்! கட்டாயக் குழு நிறைய எழுதியது. இதில் ஆச்சரியமில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. தினம் ஒன்று வீதம். மூடுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று. யோசனை வந்தால் எழுதலாம் என்று நாம் உட்கார்ந்திருக்கிறோம். எழுதினால்தான் யோசனையே வருகிறது.

கட்டுமாவடிக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். நாட்டுப்படகுக்கு வாரம் நான்கு நாள். நீங்களும் நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 200 வார்த்தை போதும். கல்யாணப் பத்திரிகையை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வாரத்துக்கு 800. ஐம்பத்திரண்டு வாரத்துக்கு 41,600. ஒரு சிறிய நாவல் ஆயிற்று. அதில் பாதியைக் கழிவென்று தூக்கிப் போட்டாலும் ஒரு சிறுகதைத் தொகுப்பு மிஞ்சும். ஏழு வருஷம் எழுதாத நம் நண்பர் ஏழு புத்தகத்தை டீக்கடையில் பேசியே கரைத்திருக்கிறார்.

நாளைக் குறியுங்கள். நேரத்தைக் குறியுங்கள். மோசமாக எழுதுகிறேன் என்று உங்களுக்கே அனுமதி கொடுத்துக்கொண்டு எழுதுங்கள். திருத்துவது இன்னொரு நாள் வேலை. அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்திலேயே நிறுத்துங்கள், மறுநாள் தொடங்குவது சுலபம். ஹெமிங்வே அப்படித்தான் செய்தார். படகு போகாத நாளில் வலை பொத்துங்கள்: படியுங்கள், குறிப்பெடுங்கள், நாலு பேரிடம் பேசுங்கள். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை. ரகசியம் இருக்கிறது என்று ஐயாயிரம் ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறை நடத்துகிறவர்களுக்கு மட்டும்தான் அப்படி ஒன்று தேவைப்படுகிறது.

இப்போது புதிதாக ஒரு வைத்தியம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரிடம் கேட்டால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. எழுத்துத் தடைக்கு இனி வேலையே இல்லை என்கிறார்கள். நியாயம்தான். மார்க்கெட்டில் எடை போட்டு வாங்கிய மீனைத் தூக்கிப் பிடித்து 'நான் புடிச்சேன்' என்று போட்டோ எடுத்துக்கொண்டால் கடலுக்குப் போகிற தொல்லை இல்லை. குழம்புகூட ருசியாகத்தான் இருக்கும். ஆனால், கடலைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இவ்வளவு கடுமையாக எழுத வேண்டுமா என்று தோன்றலாம். எழுதாத எழுத்தாளரால் நாட்டுக்கு என்ன நஷ்டம்? அவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவருக்கு டீ கிடைக்கும், கேட்க ஆள் கிடைக்கும். அவர் பரப்புகிற மூடநம்பிக்கையால் எழுதாமல் போகிறவர்களைப் பற்றித்தான் கவலை.

பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண்ணுக்கு இருபது நிமிடம் கிடைக்கிறது. மூடு வந்தால்தான் எழுத முடியும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மூடு வர அரை மணி நேரமாவது ஆகுமே! இருபது நிமிடம் போய்விடுகிறது. அப்படியே இருபது வருடமும் போய்விடுகிறது. எழுத்து என்பது ஓய்வும் தனியறையும் உள்ளவர்களுக்கு மேலேயிருந்து இறங்குகிற அருள் என்று சொன்னால், ஓய்வும் அறையும் இல்லாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அது தொழில், கற்றுக்கொள்ளலாம், தினம் கொஞ்சம் செய்தால் கைகூடும் என்று சொல்லிப் பாருங்கள். யார் யாரோ வருவார்கள். பாரதியே தன் கவிதையைத் தொழில் என்றுதான் சொல்லிக்கொண்டார். நாம்தான் அதைத் தவமாக்கி, ஆசிரமம் கட்டி, கேட் போட்டுவிட்டோம்.

தெற்கே கடலோர வாழ்க்கையை எழுத ஆட்கள் கிடைத்தார்கள். 1977-ல் வண்ணநிலவன் 'கடல்புரத்தில்' எழுதினார். 1988-ல் தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எழுதினார். 2004-ல் ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதினார். குரூஸ் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். மீரான் மிளகாய் வத்தல் வியாபாரி. 'தொழில்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள்.

கட்டுமாவடிக்கும் அப்படி ஒருவர் வேண்டும். எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொண்டவர்களின் வீடு, பங்கிட்டுக்கொண்ட நாட்கள், ஏலக்காரரின் குரல், கஜாவுக்கு மறுநாள் காலை... எல்லாம் அந்தக் கரையில் எழுதப்படக் காத்துக்கிடக்கின்றன. எழுதப் போகிறவன் அந்த ஏழாம் வகுப்புப் பையனாகவே இருக்கலாம். அவன் வீட்டில் யாரும் அவனிடம் மூடு பற்றிப் பேசப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் மெரினாவை மறக்கச் சொல்லி ஒருவர் சிவப்பு மைப் பேனாவைக் கொஞ்சம் மூடி வைத்தால் போதும். அவனுக்கு நாள் தெரியும். அவன் இறங்கிவிடுவான்.